ஒரே துணியில் ஏழு கவுன்

ஆகஸ்ட் 7, திங்கள்

இன்று என்னைப் பிணமாகப் படுக்கச் சொன்னார்கள். அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாமல் குறட்டை விட்டுவிட்டேன்.

மருத்துவக் கல்லூரியில் ஆறு நாள் பயிற்சி. வெள்ளம், ரயில் விபத்து, கடல் ஏறுவது என்று ஒரே நேரத்தில் நிறையப் பேர் செத்துப்போனால் உடல்களை எப்படி எடுப்பது, யார் யாரென்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லித்தருகிறார்கள். போலீஸ், தீயணைப்பு, தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று முப்பது பேர். நான் அமரர் ஊர்தி டிரைவர். படிப்பு பத்தாம் வகுப்பு, அதுவும் இரண்டாம் தடவையில். பதினொரு வருஷமாகப் பிண வண்டி ஓட்டுகிறேன். என் வண்டியில் ஏறினவர் ஒருத்தர்கூட இதுவரை பிரேக் சரியில்லை என்று சொன்னதில்லை.

உடலைப் பையில் வைக்கிற முறையைக் காட்ட டாக்டர் ஷாகிதா ஒரு ஆள் கேட்டார். எல்லோரும் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். நான் போய்ப் படுத்தேன். ஜிப்பை நெஞ்சுவரை இழுத்துவிட்டு அவர் பாடம் நடத்த ஆரம்பித்தார். ஏசி வேறு. அப்புறம் நடந்தது எனக்குத் தெரியாது.

"மேடம், பொணம் சத்தம் போடுது."

ஹாலே சிரித்த சிரிப்பில்தான் விழித்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் ஏட்டு சுயம்புலிங்கம், "ஓய் தார்சீஸ், உம்ம வண்டியில ஏறுகவனுக்கு இம்புட்டுச் சொகமா! இது தெரியாம நான் சாவுக்குப் பயந்துட்டுல்லா இருந்தேன்" என்றார்.

சாயங்காலம் டாக்டர் எல்லோருக்கும் ஆளுக்கொரு நோட்டு தந்தார். "இந்த வேலை பாக்கிறவங்க தினமும் எழுதணும். என்ன செஞ்சோம், மனசு எப்படி இருந்துதுன்னு. நான் வாங்கிப் பாக்க மாட்டேன்."

எழுதிவிட்டேன். மனசு நன்றாக இருந்தது. தூங்கின நேரம் தவிர மற்ற நேரத்துக்குத்தான் சொல்ல முடியும்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

காலையில் வண்டிக்கு டயர் மாற்றக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

இன்றைய பாடம்: முதலில் எண், பிறகுதான் பெயர். எடுத்த இடத்திலேயே உடலுக்கு ஒரு எண் கட்ட வேண்டும். கைரேகை, பல், மரபணு இந்த மூன்றில் ஒன்றாவது ஒத்துவந்தால்தான் அந்த எண்ணுக்குப் பெயர். துணி, செருப்பு, அரைஞாண் கயிறு எல்லாம் கூடமாட உதவும், தனியாக நிற்காது. முகத்தைக் காட்டி ஆள் சொல்லக் கேட்பது ரொம்ப மோசம்.

டாக்டர் சொன்னார்: "மூணாம் நாள் வர்ற சொந்தக்காரங்க, எந்த உடம்பக் காட்டினாலும் ஆமா எங்க ஆளுதான்னு சொல்லுவாங்க. அது பொய் இல்ல. அவங்களுக்கு வீட்டுக்குக் கொண்டுபோக ஒண்ணு வேணும். அந்த ஆமாவ மட்டும் நம்பிக் குடுத்தீங்கன்னா ரெண்டு குடும்பத்துக்குத் தப்புப் பண்றீங்க. வாங்கிட்டுப் போன குடும்பம் ஒண்ணு. இன்னும் தேடிட்டிருக்கிற குடும்பம் ஒண்ணு."

எழுதிக்கொண்டேன். எழுத்து கோணலாக விழுந்தது. பேனா சரியில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஸ்டெல்லா மைனி உட்கார்ந்திருக்கிறாள். பெரியப்பா மகன் சூசையா அண்ணனின் மனைவி. அடுத்த தெரு. சுனாமியில் அண்ணனும் போய், அவர்களின் ஒரே மகள் பெனிலாவும் போய், மைனி மட்டும் இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவள். அண்ணன் உடல் அன்றைக்கே கிடைத்தது. பெனிலா கிடைக்கவேயில்லை. எங்கள் மூத்தவள் ரெனி கிடைத்தாள். மூன்றாம் நாள் நான்தான் போய் எடுத்து வந்தேன். ரெனிக்கு ஆறு வயசு. பெனிலாவுக்கு ஏழு.

மைனி போனை நீட்டினாள். "பாரு கொழுந்தனே. கொல்லத்துல ஒரு மடத்துல வளந்த பிள்ளை. சுனாமி சமயத்துல கெடச்சதாம், தாய்தகப்பன் தெரியாதாம். அடுத்த மாசம் கல்யாணம். நெத்தியப் பாரு, அப்படியே உங்க அண்ணன்."

வீடியோவில் ஒரு பெண் கேக் வெட்டிக்கொண்டு சிரித்தாள். எனக்கு அண்ணனும் தெரியவில்லை, தம்பியும் தெரியவில்லை.

பெனிலா என்று மைனி நம்புகிற நாலாவது பிள்ளை இது. முதல் இரண்டும் அடையாளம் பேசியதிலேயே தட்டிப்போயின. மூன்றாவது, நாகப்பட்டினம் பக்கம். மைனி வாசலில் நின்று, பெற்ற மகளைக் கூப்பிடுவதுபோல் "மக்களே" என்று கூப்பிட்டதும் அந்தப் பிள்ளை போலீசுக்குப் போன் போட்டுவிட்டது. நான்தான் போய்ப் பேசிக் கூட்டிவந்தேன்.

"பதினாறாம் தேதி போறேன்," என்றாள் மைனி. "நீ பெரிய படிப்புப் படிக்கியல்லா. டாக்டரம்மாட்ட கேளு. ரத்தம் எடுத்துப் பாத்தா தாயும் பிள்ளையும்னு தெரியுமா?"

"கேக்கேன் மைனி."

அவள் போனபிறகு என் மனைவி ரெஜினாள் மரச்சீனிக் கிழங்கும் மத்திக் குழம்பும் எடுத்துவைத்தாள். "பாவம். நமக்குப் பூ வைக்க ஒரு கல்லறையாவது இருக்கு" என்றாள். குழம்பில் புளி கூடுதல் என்று சொன்னேன். கூடுதல் இல்லை.

ஆகஸ்ட் 9, புதன்

மஞ்சள் படிவம். காணாமல் போனவரைப் பற்றி வீட்டு ஆட்களிடம் கேட்டு எழுதுகிற தாள். உடலைப் பார்த்து எழுதுவது ரோஸ் படிவம். மஞ்சளும் ரோஸும் ஒத்துப்போக வேண்டும். கல்யாணப் பொருத்தம் மாதிரி என்று நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். ஏட்டு கேட்கிறவர், நான் பறிகொடுத்தவன். வீட்டில் ஒருத்தரை நினைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். ஏட்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் குரலில் ஆரம்பித்தார்.

"காணாமப் போனது யாரு?"

"மகள்."

"வயசு?"

"ஆறு."

"ஓய், உமக்கு ஒரே மக, காலேஜுக்குப் போறான்னீரு. ஆறு வயசுப் பிள்ளை ஏது? வேற எங்கயும் குடும்பம் வச்சிருக்கீரா?"

நான் சிரித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "சரி. சொல்லும்" என்றார்.

உயரம், நிறம், முடி எல்லாம் சொன்னேன். வலது முழங்காலில் தழும்பு. காதில் சின்னக் கம்மல்.

"கடைசியா போட்டிருந்த துணி?"

"மஞ்சள்ல நீலப்பூப் போட்ட கவுன். கிறிஸ்மஸுக்குத் தச்சது."

"அதே துணி வேற யாரும் போட்டிருந்தாங்களா?" இது படிவத்தில் இல்லாத கேள்வி. கட்டாயம் கேட்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஏழு பேரு," என்றேன்.

எங்கள் சவேரியார்துறையில் அது ஒரு வழக்கம். கிறிஸ்மஸுக்கு ஒரு குடும்பத்துப் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே பீஸில் வெட்டித் தைப்பது. அந்த வருஷம் துணி எடுத்தது நான். மலிவாகக் கிடைத்தது என்று முழுக் கட்டாகத் தூக்கி வந்தேன். ஏழு பிள்ளைகளும் கோயில் முற்றத்தில் வரிசையாக நின்றபோது, "பேண்டு செட்டு வந்தாச்சு, மேளம் எங்கடே?" என்று சூசையா அண்ணன் கேலி செய்தார். மறுநாள் ஞாயிறு. பூசைக்கும் அதே கவுன். பூசை முடிந்து பிள்ளைகள் கடற்கரையில் நின்றன. நான் இறைச்சி வாங்கப் பட்டணத்துக்குப் போயிருந்தேன். ரெஜினாள் திங்கள்சந்தையில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள்.

ஏட்டு படிவத்தை மடித்து என் கையில் தந்தார். "டீ குடிப்போம் வாரும்" என்றார். அவரே வாங்கித்தந்தார். ஏட்டு டீ வாங்கித்தந்தது தனிப் பதிவுக்குரிய செய்தி.

ஆகஸ்ட் 10, வியாழன்

மதியத்துக்கு மேல் பல் வகுப்பு. எனக்கு வயிறு சரியில்லை. வெளியே வேப்பமரத்தடியில் இருந்தேன்.

பஸ்ஸில் ஏட்டு விடவில்லை. "முக்கியமான பாடத்த விட்டுட்டீரே ஓய். செத்தபொறவு விழுந்த பல்லுன்னா குழி தொறந்து கெடக்குமாம். உசிரோட இருக்கும்போதே விழுந்திருந்தா ஈறு மூடிருமாம். சின்னப் பிள்ளையளுக்குப் பல்ல வச்சே வயசு சொல்லிரலாமாம். தெரியுமா?"

"அப்படியா" என்றேன்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

கல்லூரி மைதானத்தில் ஒத்திகை. பஸ் எரிந்த மாதிரி ஏற்பாடு. வைக்கோல் திணித்த நாற்பது பொம்மைகள், அங்கங்கே கை கால்களுக்கு வாழைத்தண்டு. வெயிலில் வாழைத்தண்டு கறுத்து, பார்க்க நிஜம்போலவே ஆகிவிட்டது. தாலுகா ஆபீஸ் பிள்ளை ஒன்று வாந்தி எடுத்தது.

என்னை உடல் ஒப்படைக்கிற மேஜையில் போட்டார்கள். எண் 17, சின்ன பொம்மை, பெயர் இன்னும் உறுதியாகவில்லை என்று தாளில் இருந்தது. ஏட்டு தகப்பன் வேஷம். வந்தார், பொம்மையைப் பார்த்தார், மண்ணில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டார். "எம்பிள்ளையத் தாங்கய்யா. வீட்டுல அவ தாய் கெடக்கா. வெறுங்கையோட நான் எப்படிப் போவேன்?"

நான் சொல்ல வேண்டியது: "ஐயா, உங்க ரத்த மாதிரி எடுத்திருக்கோம், முடிவு வரட்டும், அதுவரை நாங்க பத்திரமா வச்சிருப்போம்." இரண்டு நாளாக மனப்பாடம் செய்தது.

நான் 17ஐத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

விசில் ஊதினார்கள். டாக்டர் வந்தார். "ஏன் குடுத்தீங்க?"

"அழுதாரு மேடம்."

"அவரு நடிச்சாரு."

"நல்லா நடிச்சாரு மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஏட்டு மட்டும் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாப்பாட்டு நேரத்தில் டாக்டர் தனியாக இருந்தபோது போனேன். முதலில் மைனியின் கேள்வி. தெரியும் என்றார், தாயும் பிள்ளையும் என்றால் ரத்தம் சொல்லிவிடும். அப்புறம், "பத்தொம்பது வருஷத்துக்கு முந்திப் புதைச்ச குழியிலயும் பாக்க முடியுமா மேடம்?" என்றேன்.

"பல்லு, தொடை எலும்பு நல்லா இருந்தா முடியும். மனுக் குடுத்து, தாசில்தார் முன்னாடி தோண்டணும். சந்தேகம் உள்ள ரெண்டு தாய்மாரும் ரத்தம் குடுக்கணும். யாருக்கு?"

"தெரிஞ்ச குடும்பம்."

அவர் தட்டை மூடி வைத்தார். "அந்தக் குடும்பத்துல கல்லறை வச்சிருக்கிறவங்க சம்மதிக்கணும் அண்ணே. அதுதான் கஷ்டம். இருக்கிறத இழக்க யாருக்கும் மனசு வராது."

"ஆமா மேடம்."

"நோட்டு எழுதுறீங்களா?"

"எழுதுறேன்."

"எல்லாத்தையும்?"

டாக்டர் நல்லவர். ஆனால் கேள்வி கேட்டுவிட்டு பதிலுக்காக அப்படிக் காத்திருக்கக் கூடாது. நான் கை கழுவப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 12, சனி

சான்றிதழ் தந்தார்கள். குழுப் படத்தில் கண்ணை மூடிவிட்டேன். எங்கள் இளையவள் அஜிலா, சுனாமிக்கு ஒரு வருஷம் கழித்துப் பிறந்தவள், படத்தை ஸ்டேட்டஸில் போட்டு, "எங்க அப்பா இப்ப பொண டாக்டர்" என்று எழுதியிருக்கிறாள். ரெஜினாள் சான்றிதழை ரெனியின் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டச் சொன்னாள். நாளைக்குப் பார்க்கலாம் என்று அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

பூசைக்குப் பிறகு கல்லறைத் தோட்டத்தில் புல் பிடுங்கினேன். மற்ற பிள்ளைகள் பலதும் பொதுக்குழியில் கிடக்கின்றன. ரெனிக்குத் தனிக்குழி, பெயர் வெட்டின கல்.

நவம்பர் இரண்டாம் தேதி ஆத்துமாக்கள் திருநாளுக்கு மைனிக்குப் போக இடம் கிடையாது. ரெனியின் கல்லறைக் கால்மாட்டில் ஒரு மெழுகுதிரி வைப்பாள். "சேர்ந்து வெளையாடின பிள்ளையல்லா, எனக்க பெனிலாவுக்கும் வெளிச்சம் படட்டு" என்பாள். வருஷாவருஷம் அந்த நேரம் பார்த்து எனக்குத் தண்ணீர் தாகம் எடுக்கும். குழாயடிக்குப் போய்விடுவேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

காலையில் ஒரு சவாரி. தக்கலையிலிருந்து குலசேகரம். இறங்கும்போது இறந்தவரின் மகன் முகத்துணியை விலக்கி ஒரு தடவை பார்த்தான். சரியான ஆள்தானா என்று பார்த்தானோ, என்னவோ.

மைனி கொல்லத்துக்குப் பை கட்டிவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்திருக்கிறாள். ரெஜினாளிடம் விரித்துக் காட்டினாள். "கலர் புடிக்குமா அவளுக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

இன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

மாதா விண்ணேற்புத் திருநாள். பூசை முடிந்து மைனி வீட்டில் அவித்த கிண்ணத்தப்பத்தோடு வந்தாள். அஜிலா கல்லூரியில் கொடியேற்றத்துக்குப் போயிருந்தாள். ரெஜினாள் அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மைனி முக்காலியில். நான் வாசல்படியில் நின்றேன், ஓடுவதற்கு வசதியாக.

"டாக்டரம்மாட்ட கேட்டியா?" என்றாள் மைனி.

"கேட்டேன். ரத்தத்துல தெரியுமாம்."

"பாத்தியா!" என்று ரெஜினாளின் தோளைத் தட்டினாள்.

"கொல்லத்துக்குப் போவாண்டாம் மைனி."

"ஏன்?"

"முதல்ல இங்க பாக்கணும். ரெனிக்க கல்லறையில."

வெங்காயம் நறுக்குகிற சத்தம் நின்றது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். பயிற்சியில் சொல்லித்தந்ததுபோல், ஒவ்வொன்றாக. "அன்னைக்கு மூணாம் நாள். பள்ளிக்கூட மைதானத்துல வரிசையாப் போட்டிருந்தாங்க. முகம் முகமா இல்ல. நான் கவுன வச்சுத்தான் எடுத்தேன். கம்மல் இல்ல. முழங்கால் தோலும் இல்ல. கவுன் மட்டுந்தான். கவுன வச்சு எடுக்கக் கூடாதுன்னு இப்பதான் படிச்சேன். தப்பா இருக்கலாம்."

ரெஜினாள் விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். நான் ஜெபமாலை சொல்கிறாள் என்று நினைத்தேன். எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏழு கவுன்," என்றாள். "அஞ்சு பிள்ளையளும் உசிரோட வந்துட்டு. இல்லாமப் போனது ரெண்டு."

மைனி முக்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தாள். இடுப்பு ஒத்துவரவில்லை. மறுபடியும் உட்கார்ந்தாள்.

"அப்ப அங்க கெடக்கது..." என்றாள்.

"தெரியாது மைனி. ரெண்டு பேரும் ரத்தம் குடுக்கணும். மனு நான் எழுதிக் குடுக்கேன்."

ரெஜினாள் கத்தியை அலம்பி, துடைத்து, அதன் இடத்தில் சொருகினாள். "பத்தொம்பது வருஷம் நான் யாருக்குப் பூ வச்சேன்?" என்று என்னைக் கேட்டாள். சத்தம் போடவில்லை. அப்புறம் என்னைத் தாண்டிப் போய், அறைக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடவில்லை. எங்கள் அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பத்து வருஷமாக வாங்கிப் போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மைனி திட்டுவாள், செருப்பைத் தூக்குவாள் என்று இருந்தேன். தூக்கினால் குனியக் கூடாது என்றுகூட முடிவு செய்திருந்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து, இடுப்பு வலியோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அழாத மக்கா. அம்புட்டுப் பொணத்துக்கு நடுவுல ஒத்தையில போனவன் நீ. எனக்கு நெனவு இல்லாதப்ப எனக்க மகளையும் சேர்த்துத் தேடினவன் நீ. தெரியாம நடந்ததுக்கு யாரு உன்னக் குத்தம் சொல்லுவா?"

அறைக்குள்ளிருந்து ரெஜினாள் அழுகிற சத்தம் இப்போதுதான் கேட்டது.

"சொல்லு," என்றாள் மைனி. "தெரியாமத்தானே?"

நான் தலையாட்டினேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். நாளைக்குக் கொல்லம் போகவில்லை, முதலில் ரத்தம் கொடுப்போம் என்றாள்.

மைனியிடம் சொல்லாதது ஒன்று. அந்தப் பிள்ளையின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மேல்வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை. ஈறு மூடியிருந்தது, ஒரு பக்கம் மட்டும் புதுப்பல்லின் நுனி வெள்ளையாக எட்டிப்பார்த்தது. கிறிஸ்மஸ் காலையில் பெனிலா என் சட்டையை இழுத்து, "சித்தப்பா, மொளச்சிட்டு, பாருங்க" என்று வாயைத் திறந்து காட்டின அதே பல். ரெனிக்கு ஒரு பல்கூட ஆடத் தொடங்கவில்லை. பதிவேட்டுக்காரர் பெயர் கேட்டார். இன்னும் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பொதுக்குழியில் போடப் போவதாகச் சொன்னார். "பிள்ளையில்லாம வராதீங்க" என்று ரெஜினாள் சொல்லி அனுப்பியிருந்தாள். ரெனி கிடைத்ததும் மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

தெரிந்துதான் பெயர் சொன்னேன்.